நிலம் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு மழைக்காலம்

வாசகர் கேள்வி – அக்கா பதில்

சில குடும்பங்க சேர்ந்து நிலம் வாங்கி நடத்துற எங்க கூட்டுப் பண்ணையைப் பத்தி போன இதழ்ல நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு எதிர்பார்க்கல. எல்லாத்துக்கும் இங்க இடம் பத்தாது, ஒரே மாதிரி கேட்டதை ஒண்ணா சேர்த்துட்டேன். பேர் போட வேண்டாம்னு நிறைய பேர் சொன்னதால எல்லாருக்கும் ஊர் மட்டும்தான்.

கேள்வி: அக்கா, நாங்க ஒன்பது பேர், காலேஜ்ல இருந்தே பிரெண்ட்ஸ். இப்ப ஐடி, பனியன் கம்பெனி, ஸ்கூல் வாத்தியார்னு ஆளுக்கொரு பக்கம். எல்லாரும் சேர்ந்து ஒரே இடத்துல வீடு கட்டி, பெர்மாகல்ச்சர் முறையில, அதாவது காட்டைப் பார்த்துக் கத்துக்கிட்ட நிரந்தர விவசாய முறையில பயிர் பண்ணி, பொதுச் சமையல், பொதுக் கிணறுன்னு வாழணும்னு ஆசை. தலைக்கு 5 லட்சம் போட்டா 45 லட்சம் ஆகுது. தாராபுரம் தாண்டி வானம் பார்த்த காடு ரெண்டரை ஏக்கர் பார்த்து வச்சிருக்கோம், புரோக்கர் அட்வான்ஸ் கேக்குறார். எதுல இருந்து ஆரம்பிக்கணும்? – திருப்பூர்

பதில்: தம்பி, அட்வான்ஸ் குடுக்காதீங்க. அந்த நிலம் கைவிட்டுப் போனாலும் பரவாயில்ல, வேற நிலம் கிடைக்கும். நான் கேக்குறது ஒண்ணுதான், நீங்க ஒன்பது பேரும் சேர்ந்து இதுவரைக்கும் ஒரு வாரமாவது வெயில்ல வேலை பார்த்திருக்கீங்களா? டூர் போனது, ஒண்ணா ரூம்ல தங்குனது எல்லாம் கணக்குல வராது. ஒருத்தர் குழி வெட்ட ஒருத்தர் மண் அள்ள, மத்தியானம் யாரு சோறு ஆக்குறது, சாயந்திரம் யாரு பாத்திரம் கழுவுறதுன்னு ஒரு வாரம் ஓட்டியிருக்கீங்களா?

நாங்க எட்டு குடும்பம் 2012ல திண்டுக்கல் மாவட்டத்துல 6 ஏக்கர் வாங்குனோம். தை மாசம் பத்திரம் பதிஞ்சோம், முதல் ஞாயித்துக்கிழமை குழந்தைகளோட சேர்த்து இருபது பேருக்கு மேல வந்தோம், பொங்கல் மாதிரி இருந்துச்சு. சித்திரை வந்துச்சு, கன்னு வாடுது, தண்ணி ஊத்தணும், வந்தது நாலு பேர். வைகாசியில ரெண்டு பேர். வராதவங்க யாரும் கெட்டவங்க இல்ல, ஒருத்தர் வீட்ல அம்மாவுக்கு முடியல, ஒருத்தருக்கு ஆபீஸ்ல லீவு இல்ல, ஒருத்தருக்கு வெயில் ஒத்துக்கல, எல்லாம் நியாயமான காரணம்தான், ஆனா குடத்தைத் தூக்குன அந்த ரெண்டு பேர் மனசுல அன்னைக்கு உண்டான கசப்பு மூணு வருசம் போகல. எங்களுக்குள்ள முதல் சண்டை எதுக்கு வந்துச்சு தெரியுமா, மோட்டாருக்கு வாங்குன டீசல் காசு 340 ரூபாய்க்கு. லட்சக்கணக்குல சேர்ந்து போட்டு நிலம் வாங்குனவங்க 340 ரூபாய்க்கு ராத்திரி பதினொரு மணி வரைக்கும் பேசுனோம்.

அதனால நான் சொல்றது, வர்ற ஆடியில இருந்து தை வரைக்கும் ஒரு ஏக்கரை யாருகிட்டயாவது குத்தகைக்கு எடுங்க. உங்க ஒன்பது பேர்ல யாரோட தாத்தா நிலமாவது தரிசா கிடக்கும், அது கிடைச்சா இன்னும் நல்லது. ஆடியில மழை கிடைச்ச உடனே பலதானியம் விதைங்க, கம்பு, சோளம், உளுந்து, தட்டப்பயறு, எள்ளு, கொத்தமல்லி, சணப்பை, தக்கைப்பூண்டுன்னு எது கிடைக்குதோ எல்லாம் கலந்து ஏக்கருக்கு 20, 25 கிலோ. அம்பது நாள்ல பூ எடுக்கும், அப்பவே மடக்கி உழுதுடுங்க. அதுல காசு வராது, மண்ணுக்குத்தான் சாப்பாடு. புரட்டாசி ஐப்பசி மழைக்கு கொள்ளும் சோளமும் போட்டீங்கன்னா தை மாசம் கையில ஏதாவது இருக்கும். மழை பொய்ச்சா ஒண்ணும் இருக்காது, அந்த நேரத்துல உங்களுக்குள்ள யாரு எப்படிப் பேசுறாங்கன்னு கவனிங்க. மூணாவது வாரத்துல யாரு வந்தாங்க, வராதவங்க போன் பண்ணிச் சொன்னாங்களா, செலவை யாரு எழுதி வச்சாங்க, எல்லாத்தையும் ஒரு நோட்டுல குறிங்க. தை முடிஞ்சு ஒன்பது பேர் அஞ்சு பேரா ஆயிருப்பீங்க. அந்த அஞ்சு பேரும் சேர்ந்து நிலம் பாருங்க. போன நாலு பேரும் உங்க பிரெண்ட்ஸாவே இருப்பாங்க, நிலம் வாங்குனதுக்கு அப்புறம் பிரிஞ்சிருந்தா அதுவும் இருந்திருக்காது.

கேள்வி: என் பங்குக்குப் போட என்கிட்ட பணம் இல்லக்கா. சமையல், தையல், ஆடு மாடு பார்க்குறது, நாத்து விடுறது எல்லாம் தெரியும். ஒரு குரூப்ல சேரக் கூப்பிட்டாங்க, ஆனா லட்சக்கணக்குல போட்டவங்களுக்கு நடுவுல நான் வேலைக்காரி மாதிரி ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு. – பென்னாகரம்

பதில்: உங்க பயம் நியாயமானது தங்கச்சி. இந்தக் கேள்விக்கு ஒழுங்கா பதில் வச்சிருக்குற கூட்டம் மட்டும்தான் நிலைக்குது, இதை நான் பன்னெண்டு வருச அனுபவத்துல சொல்றேன்.

அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலத்துல ட்வின் ஓக்ஸ்னு ஒரு கூட்டு வாழ்க்கைக் குடியிருப்பு இருக்கு, 1967ல எட்டு பேர் ஆரம்பிச்சது, அப்புறம் சுமார் நூறு பேர் வரைக்கும் வளர்ந்துச்சு. சோயாவுல பன்னீர் மாதிரி டோஃபு செஞ்சு வித்து, தூளி மாதிரி கயித்து ஊஞ்சல் பின்னி வித்து அதுல வந்த வருமானத்துல பல வருசம் வாழ்ந்தாங்க, யாருக்கும் தனிச் சம்பளம் கிடையாது. வாரத்துக்கு ஆளுக்கு சுமார் 42 மணி நேரம் வேலை. இங்கதான் விசயம் இருக்கு, கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதுற ஒரு மணி நேரமும் ஒரு மணி நேரம்தான், பாத்திரம் கழுவுற ஒரு மணி நேரமும் ஒரு மணி நேரம்தான், கைக்குழந்தையைப் பார்த்துக்குற ஒரு மணி நேரமும் ஒரு மணி நேரம்தான். அதுக்குப் பதிலா தங்க ரூம், சாப்பாடு, வைத்தியச் செலவு, கைச்செலவுக்கு கொஞ்சம் காசு. அரை நூற்றாண்டு தாண்டி ஓடுதுன்னா அந்த மணிக் கணக்குக்கு அதுல பெரிய பங்கு இருக்குன்னு நான் நம்புறேன்.

எங்க பண்ணையில முதல் மூணு வருசம் கடப்பாரை பிடிக்கிறதுதான் வேலை, அடுப்படி எல்லாம் கணக்குல வராது. கூட்டம் போட்டா ஆம்பளைங்க திண்ணையில உக்காந்து முடிவெடுப்பாங்க, நாங்க அடுப்படியில இருந்து காதுல விழுற வரைக்கும் கேட்டுக்குவோம். நாலாவது வருசம் ஒரு நாள் நானும் இன்னும் ரெண்டு பேரும் 'இன்னைக்கு நாங்களும் குழி வெட்ட வர்றோம்'னு மண்வெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டோம். மத்தியானம் ஒண்ணரை மணிக்கு பதினாலு பேர் பசியோட வந்து பார்த்தா அடுப்பு பத்த வைக்கல. அன்னைக்கு யாரும் கத்தல. ஒருத்தர் பேசாம போய் அரிசி களைஞ்சார், ஒருத்தர் வெங்காயம் உரிச்சார், நாலு மணிக்கு ரசமும் சோறும் சாப்பிட்டோம். அன்னைக்கு சாயந்திரம்தான் அந்த நோட்டு வந்துச்சு.

நாப்பது பக்க அன்ரூல்டு நோட்டு, அடுப்படி நிலையில ஆணி அடிச்சு சணல் கயித்துல கட்டித் தொங்கவிட்டோம், பென்சிலையும் அதே கயித்துல கட்டியாச்சு, இல்லேன்னா பென்சில் தங்காது. யாரு என்ன வேலை, எத்தனை மணி நேரம், அவ்ளோதான் எழுதணும். மாவாட்டுறது, மாட்டுக்குத் தண்ணி காட்டுறது, காய்ச்சல்ல கிடக்குறவங்க பக்கத்துல உக்காந்திருக்குறது எல்லாம் அதுல ஏறும். முதல் மாசக் கணக்கைக் கூட்டிப் பார்த்தோம், எங்க எல்லாரையும் விட அதிகமா உழைச்சது யாருன்னா கூட்டத்துல வாயே திறக்காத ஒரு அறுபத்தி ரெண்டு வயசு அம்மா. அவங்க பணமா போட்டது எல்லாரையும் விடக் கம்மி. அந்தப் பக்கத்தைப் படிச்சதும் யாரும் ஒண்ணும் பேசல, அடுத்த கூட்டத்துல அவங்களுக்கு நடுவுல இடம் விட்டாங்க.

அதனால உங்களைக் கூப்பிட்ட குரூப்புகிட்ட ரெண்டு விசயம் கேளுங்க. அடுப்படி வேலையும் வயல் வேலையும் ஒரே கணக்கா? ஓட்டு ஆளுக்கு ஒண்ணா, இல்ல போட்ட பணத்துக்குத் தக்கனயா? ரெண்டுக்கும் 'ஆமா, ஆளுக்கு ஒண்ணு'ன்னு எழுத்துல வந்தா சேருங்க. 'நாமெல்லாம் ஒரே குடும்பம், எழுத்து எதுக்கு'ன்னு சொன்னா சேராதீங்க.

கேள்வி: எனக்கு ரொம்ப ஆசை, என் மனைவிக்குத் துளியும் இஷ்டமில்ல. எப்படி சம்மதிக்க வைக்கிறது? – சேலம்

பதில்: சம்மதிக்க வைக்காதீங்க தம்பி. அவங்க எதுக்கு வேண்டாம்ங்கறாங்கன்னு முழுசா கேளுங்க, அதுல பாதி கழிப்பறை, பொண்ணு படிப்பு, ராத்திரி அவசரத்துக்கு ஆஸ்பத்திரி தூரம்னு இருக்கும். அது மூணும் உங்க திட்டத்துல இல்லேன்னா அவங்க சொல்றதுதான் சரி.

கேள்வி: பெர்மாகல்ச்சர்ங்கறாங்க, வீடியோவுல பார்த்தேன். வரப்புல துவரை, ஓரத்துல பனை, கொல்லையில முருங்கை, வாய்க்கால் ஓரம் வாழை. இதைத்தான் எங்க அய்யா காலத்துல இருந்து செய்றோம். நம்ம பழசையே புதுப் பேர் வச்சு நம்மகிட்டயே காசுக்கு விக்கிறாங்களா? – கோவில்பட்டி

பதில்: ஐயா, பாதி நீங்க சொல்றது உண்மை. ஆஸ்திரேலியாவுல டாஸ்மேனியா தீவுல பில் மாலிசன், டேவிட் ஹோம்கிரென்னு ரெண்டு பேர், 1978ல இந்த முறையைப் பத்தி முதல் புத்தகம் போட்டாங்க. நிரந்தர விவசாயம்ங்கற அர்த்தத்துலதான் அந்தப் பேரை உண்டாக்குனாங்க. காட்டைப் பார்த்தும், உலகம் பூரா பழங்குடி மக்களும் விவசாயம் பண்ற சம்சாரிகளும் செஞ்சதைப் பார்த்தும் கத்துக்கிட்டதுதான் அது. மாலிசன் 1987ல நம்ம நாட்டுக்கு வந்து வகுப்பு எடுத்தார், 2017ல ஹைதராபாத்ல உலக மாநாடே நடந்துச்சு. உங்க ஊர் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்துல 1960கள்ல வேலை பார்த்துட்டு, இந்த உரமும் மருந்தும் மானாவாரிச் சம்சாரிக்கு ஒத்துவராதுன்னு வேலையை விட்டு வந்தவர்தான் நம்மாழ்வார் ஐயா. அவர் கடைசியா கரூர் மாவட்டம் கடவூர் பக்கம் உண்டாக்குன வானகம் வெறும் கல்லுக்காடா கிடந்த இடம். அங்க போய்ப் பார்த்தீங்கன்னா மாலிசன் சொன்னதுக்கும் நம்ம பாட்டன் செஞ்சதுக்கும் நடுவுல கோடு போட முடியாது.

ஆனா மீதிப் பாதி இருக்கு. நம்ம அய்யா காலத்துல எது எங்க இருக்கணும்னு வழக்கத்துல தெரியும், காரணம் கேட்டா 'அப்படித்தான்'பாங்க. இவங்க அந்தக் காரணத்தை எடுத்து எழுதி வச்சாங்க. வீட்டை நடுவுல வச்சுக்குங்க, தினமும் கை வைக்கிற கீரை, கருவேப்பிலை, பச்ச மிளகாய் வாசலுக்குப் பக்கத்துல. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போற கோழிக்கூடு, பழமரம் அடுத்த வட்டத்துல. வாரத்துக்கு ஒரு தடவை போற தானியக்காடு அதுக்கு அடுத்து. விறகுக்கும் தழைக்கும் மேய்ச்சலுக்கும் அதையும் தாண்டி. கடைசியில மனுசன் கையே வைக்காம விடுற ஒரு துண்டு நிலம். இதை மண்டலம் பிரிக்கிறதுன்னு சொல்றாங்க. நிலத்துல பிறந்து வளராத இந்த டவுன் பிள்ளைங்களுக்கு இப்படிப் படம் போட்டுச் சொல்லிக் குடுத்தாத்தான் விளங்குது, அவங்க நம்ம மண்ணுக்குத் திரும்பி வர்றதுக்கு இது ஒரு படி, அதுல எனக்கு சந்தோசம்தான்.

அதோட அதுல மூணு கொள்கை இருக்கு. மண்ணைப் பேணு, மக்களைப் பேணு, தேவைக்கு மேல இருக்குறதைப் பகிர்ந்துக்கோ. நிறைய பேர் முதல் ஒண்ணோட நின்னுடுறாங்க. ஆயிரக்கணக்குல காசு வாங்கிக்கிட்டு ரெண்டு நாள் வகுப்பு எடுக்குறவங்க மேல உங்களுக்கு இருக்குற கோவம் எனக்கும் உண்டு. உங்களை மாதிரி ஒருத்தரைக் கூப்பிட்டு வந்து உக்கார வச்சு, கூலி குடுத்து, சொல்லிக் குடுக்கச் சொல்லணும். நாங்க அப்படித்தான் பக்கத்து ஊர் தாத்தா ஒருத்தர்கிட்ட வேலி கட்டக் கத்துக்கிட்டோம், கிளுவைக் குச்சியை மழைக்கு முன்னாடி நட்டு நடுவுல இலந்தை முள்ளு வச்சுக் கட்டுறது. கம்பி வேலிக்கு வச்சிருந்த காசு அப்படியே மிச்சம்.

கேள்வி: நாங்க அஞ்சு குடும்பமா வாங்குன இடத்துல 800 அடி போர் போட்டும் வெறும் புகைதான் வந்துச்சு. ரெண்டாவது போர் போடலாம்னு பாதிப் பேர், வித்துட்டுப் போயிடலாம்னு பாதிப் பேர். என்ன செய்றது? – வேடசந்தூர்

பதில்: ரெண்டும் வேண்டாம், அந்த போர் காசுல பாதியை மேல விழுற தண்ணிக்கு செலவு பண்ணுங்க. ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் சுமாரா 4,047 சதுர மீட்டர். உங்க பக்கம் வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் பெஞ்சாலும் ஒரு ஏக்கர்ல விழுறது 24 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் லாரி 200 வந்து கொட்டுன மாதிரி. அதுல நிறைய, மழை பெய்ற ஒவ்வொரு தடவையும் மேல்மண்ணையும் அள்ளிக்கிட்டு ஓடையில போயிடுது.

அதை நிறுத்த பெரிய மெஷின் வேண்டாம். ஏழடி மூங்கில் ரெண்டை மேல சேர்த்துக் கட்டி, நடுவுல ஒரு குறுக்குக் கழி, உச்சியில இருந்து ஒரு நூல்ல கல்லைக் கட்டித் தொங்கவிடுங்க. ஒரு இடத்துல நிறுத்தி நூல் குறுக்குக் கழியில எங்க தொடுதோ அங்க ஒரு கோடு, கால் ரெண்டையும் இடம் மாத்தி வச்சு இன்னொரு கோடு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு போட்டீங்கன்னா அதுதான் மட்டம். அப்புறம் காம்பஸ் மாதிரி ஒவ்வொரு காலா எடுத்து வச்சு நடந்துக்கிட்டே நூல் நடுக்கோட்டுல நிக்கிற இடமெல்லாம் குச்சி ஊனிக்கிட்டே போங்க. அந்தக் குச்சி வரிசை நேரா போகாது, பாம்பு மாதிரி வளைஞ்சு போகும், அதுதான் சம உயரக் கோடு. அந்தக் கோட்டுலயே ரெண்டடி அகலம் ஒண்ணரை அடி ஆழத்துக்குக் கால்வாய் எடுத்து, மண்ணைச் சரிவுல கீழ்ப்பக்கம் கரையா போடுங்க. தண்ணி ஓடாது, நின்னு உள்ள இறங்கும். கரை மேல கிளைரிசிடியா, அகத்தி, முருங்கை, சீதா நடுங்க, கரைக்கு வெட்டிவேர்.

ஒண்ணை மட்டும் மறந்துடாதீங்க, நிறைஞ்சா வழியிறதுக்குக் கல்லு பதிச்சு ஒரு வடிகால் விடணும். நாங்க விடல. முதல் வருசம் ஐப்பசியில ராத்திரி ரெண்டு மணிக்குக் கொட்டுன மழையில மேல் கரை உடைஞ்சு, அது போய் அடுத்த கரையை உடைச்சு, அதுக்கு அடுத்ததையும் உடைச்சு, விடிஞ்சு பார்த்தா மூணு மாச உழைப்பு கீழ்க்காட்டுக்காரர் கொள்ளு மேல சேறா கிடக்கு. அவர்கிட்ட போய் நின்னப்ப வந்த கூச்சம் எனக்கு இன்னும் இருக்கு. அவர் நஷ்டத்தைக் குடுத்தோம், அடுத்த வருசம் அவர்தான் வடிகாலை எங்க விடணும்னு வந்து நின்னு காட்டுனார்.

மழை உள்ள இறங்குனா நிலம் மாறுமான்னு சந்தேகமா இருந்தா ஆரோவில் போய்ப் பாருங்க. 1968ல ஆரம்பிச்சப்ப அது மரமே இல்லாம மழையில அரிச்சுப் போன செம்மண் மேடு. வரப்பு போட்டு, ஓடையில தடுப்பு கட்டி, வறட்சியைத் தாங்குற மரத்தை முதல்ல வச்சு, அதோட நிழல்ல நம்ம பகுதிக்கே உரிய காட்டு மரங்களை நட்டு நட்டு இன்னைக்குக் காடா நிக்குது. பக்கத்துலயே 2003ல இருந்து சாதனா ஃபாரஸ்ட்னு 70 ஏக்கர்ல இதே வேலை நடக்குது, உலகம் பூரா இருந்து ஆளுங்க வந்து தங்கி உழைப்பைக் குடுத்துட்டுப் போறாங்க. இதெல்லாம் ஒரு வருசத்துல நடந்தது இல்ல, அதையும் சொல்லிடணும்.

கேள்வி: நிலம் யார் பேர்ல இருக்கணும்? எல்லார் பேர்லயும் கூட்டுப் பட்டாவா போட்டா போதுமா? – மதுரை, ஓசூர், தஞ்சாவூர்ல இருந்து மூணு பேர்

பதில்: கூட்டுப் பட்டா ரொம்ப சுலபம், பின்னாடி ரொம்பக் கஷ்டம். பிரிக்காத பங்கை அதுல ஒருத்தர் யாருக்கு வேணா விக்கலாம், யாரு வேணா பாகம் பிரிச்சுக் குடுன்னு கோர்ட்டுக்குப் போகலாம், ஒருத்தர் இறந்துட்டா அவர் பங்கு வாரிசுகளுக்குப் போகும், அந்த வாரிசு உங்க கனவுல பங்காளியா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. எங்க கூட்டத்துலயே ஒருத்தர் தவறிப் போனார், நல்ல மனுசன், அவர் மகனுக்கு வெளிநாட்டுல படிக்கக் காசு தேவைப்பட்டுச்சு, கேட்டது தப்பே இல்ல, ஆனா அன்னைய மார்க்கெட் விலையை எங்களால புரட்ட முடியல. ஒண்ணரை ஏக்கரை வித்துத்தான் குடுத்தோம். வித்தது கிணத்துக்குப் பக்கத்துத் துண்டு.

பொது அறக்கட்டளை பேர்ல எழுதிட்டா அப்புறம் யாரும் என் பங்குன்னு திரும்பக் கேக்க முடியாது. ஆரோவில்ல அப்படி ஒரு ஏற்பாடுதான், 1988ல பார்லிமென்ட்ல போட்ட சட்டப்படி நிலம், வீடு எல்லாம் ஃபவுண்டேசனோடது, அங்க இருக்குறவங்க யாருக்கும் வீடு கூட சொந்தம் இல்ல. அது பெரிய மனசு வேணும்ங்கற ஏற்பாடு, இருக்குற சேமிப்பு பூரா போடுற நடுத்தரக் குடும்பத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். 1975ஆம் வருசத்துத் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தாலே சங்கம் பதியலாம். விளைஞ்சதை விக்க உழவர் உற்பத்தியாளர் கம்பெனி ஆரம்பிக்கலாம், அதுக்கு சம்சாரிங்க பத்துப் பேராவது வேணும், எத்தனை பங்கு வச்சிருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான், எனக்குப் பிடிச்சது அது. நிலத்தை ஒரு அமைப்புல, விற்பனையை ஒரு அமைப்புல வைக்கிறது நல்லது, ஒண்ணு நொடிச்சா இன்னொண்ணு தப்பிக்கும்.

எது பண்ணாலும் வெளிய போற வழியை முதல்ல எழுதுங்க. போறவருக்கு என்ன குடுப்பீங்க, மார்க்கெட் விலையா, போட்ட பணமும் பேங்க் வட்டியுமா, எத்தனை தவணையில, அவர் கட்டுன வீட்டுக்கு என்ன, அவர் நட்ட மரத்துக்கு என்ன, எல்லாம் எழுதி வக்கீலை வச்சுப் பதிஞ்சுக்குங்க. கல்யாணத்தன்னைக்கே விவாகரத்து பத்திப் பேசுற மாதிரி இருக்குன்னு எங்க ஆளுங்க அன்னைக்கு அதைத் தள்ளி வச்சாங்க, கிணத்துப் பக்கத்துத் துண்டு அதுலதான் போச்சு.

அப்புறம் வழக்கமானது, வில்லங்கச் சான்று முப்பது வருசத்துக்குப் போடுங்க, அளவைப் படத்தை வச்சு சர்வேயரோட நடந்து கல்லு கல்லா பாருங்க, பாதை பத்திரத்துல இருக்கா இல்ல வாய்ச்சொல்லான்னு பாருங்க. விவசாய மோட்டாருக்குக் குடுக்குற இலவசக் கரண்ட்ல இருந்து வீட்டுக்கு வயர் இழுக்காதீங்க. வீடு கட்ட முன்கூட்டியே அனுமதி வாங்குங்க.

கேள்வி: எங்க குரூப்ல 'நம்ம ஆளுங்க' மட்டும்தான் சேரணும்னு ஒரு பேச்சு ஓடுது, அப்பத்தான் ஒத்துப்போகுமாம். எனக்கு மனசு ஒப்பல, ஆனா எதிர்த்துப் பேசவும் தயக்கமா இருக்கு. – நாமக்கல்

பதில்: பேசுங்க. இன்னைக்கே பேசுங்க. ஜாதி பார்த்து ஆள் சேர்த்தா அதுக்குப் பேரு கூட்டு வாழ்க்கை இல்ல, மூங்கில் வேலி போட்ட இன்னொரு தெரு, அவ்ளோதான். பொதுச் சமையல், பொதுக் கிணறுன்னு சொல்றோமே, நம்ம ஊர்ல சோறும் தண்ணியும்தான் ஆளை ஆள் தள்ளி வைக்கிறதுக்குப் பயன்பட்ட விசயம். அந்த ரெண்டையும் பொதுவாக்குறோம்னு கிளம்பிட்டு வாசல்லயே ஜாதி கேட்டா மரம் நட்டு என்ன பிரயோசனம்?

உள்ளூர்க்காரங்க விசயமும் இதுதான். நாம போய் இறங்குற ஊர்ல ஏற்கனவே மக்கள் இருக்காங்க, நாம தரிசுன்னு சொல்ற இடத்துல அவங்க ஆடு மேயுது, சுள்ளி பொறுக்குறாங்க, குறுக்கு வழியா நடக்குறாங்க. ஆந்திராவுல அனந்தபூர் பக்கம் டிம்பக்டு கலெக்டிவ்னு 1990ல 32 ஏக்கர் பொட்டல் நிலத்துல ஆரம்பிச்சாங்க. அவங்க தங்களோட இடத்தைப் பசுமையாக்குனதோட நிக்கல, சுத்தி இருக்குற ஊர் மக்களோட சேர்ந்து ஊர்ப் பொதுக் குன்றுகளைத் தீயில இருந்து காப்பாத்தி மரத்தைத் தானா வளரவிட்டு, அதை அந்த மக்களோட கூட்டுறவு சங்கமாவே பதிஞ்சாங்க, கல்பவல்லின்னு பேரு. இன்னைக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர். எட்டு பேர் வேலிக்குள்ள சுகமா இருக்குறதை விட எனக்கு அந்த மாதிரிதான் பெருசாத் தெரியுது. உங்க குரூப்ல அந்தப் பேச்சு மாறலேன்னா வெளிய வந்துடுங்க, வருத்தப்படாதீங்க.

கேள்வி: எல்லாம் சரிக்கா, உங்க பண்ணை இப்ப எப்படி இருக்கு? இன்னும் எட்டு குடும்பமும் இருக்கீங்களா? – காரைக்குடி

பதில்: இல்லம்மா. எட்டுல மூணு குடும்பம் இருக்கோம், புதுசா ரெண்டு வந்திருக்காங்க, அதுல ஒரு குடும்பம் பணமே போடல, உழைப்புதான் பங்கு. நிலம் நாலரை ஏக்கர். அரிசியில பாதி இன்னும் வெளிய வாங்குறோம், சிறுதானியம், பருப்பு, எண்ணெய், கீரை காய் நம்மளோடது. அஞ்சு வருசமா போர் மோட்டார் மாசி வரைக்கும் ஓடல, கிணத்துத் தண்ணியே பத்துது. இப்ப அடுப்படியில தொங்குறது பதினேழாவது நோட்டு. இந்த வாரம் அதுல புதன்கிழமை பக்கத்துல 'ரசம், பாத்திரம், கன்னுக்குட்டிக்கு மருந்து – 4 மணி நேரம்'னு ஒரு கையெழுத்து இருக்கு, அது என் வீட்டுக்காரரோடது.